சீதாவின் இமை

அத்தியாயம் பதினொன்று

அன்று பிற்பகல் காஜா பெராங் வாசகசாலைக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: மாணிக்கவாசகமாகிய நான். காலஞ்சென்ற என் தம்பியின் மனைவி சிவகாமசுந்தரி. அவளுடைய இளைய மகள் விஜயா. மூத்த மகள் சீதாவின் கணவன் கணேசமூர்த்தி. படம் காட்டும் லாந்தரை இயக்கும் தம்பிராஜா. எங்கள் பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிப் பெண்மணி மீனாச்சி. வேறு ஒருவரும் இல்லை. கதவும் சன்னல்களும் உள்ளே தாழிடப்பட்டிருந்தன.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

விட்டுவிட்டுப் படிப்பவர்களுக்காகச் சிலவற்றை நினைவுபடுத்த வேண்டும். சீதா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், திரும்பவில்லை. அந்த நேரம் சிவகாமசுந்தரி இந்தியாவில் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தாள். தந்தி போய்ச் சேர்வதற்குள் கப்பல் ஏறிவிட்டாள். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கி வந்தவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "சீதா வரலையா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னோம். அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. வீட்டை ஒரு குறையும் இல்லாமல் நடத்தினாள். மகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் "இருக்கிறாள்" என்பாள்.

கணேசமூர்த்தி கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுபவன். நல்ல கைக்காரன். ஒழுக்கத்தில் ஒரு சொல் சொல்ல முடியாது. அவன் வெளியிடத்தில் பெண் பார்க்கப் போனால் எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை எங்கள் வீட்டை விட்டுப் போனான் என்று ஆகிவிடும். ஆகவே விஜயாவை அவனுக்குக் கொடுப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். முறையான சம்பந்தம்தான். சிவகாமசுந்தரி மட்டும் விஜயா மூலமாகச் சொல்லியனுப்பிய பதில் ஒன்றே: "சீதா இருக்கையில இவளை எப்படிக் குடுக்கிறதுன்னு பெரியவரைக் கேளு."

அங்கேதான் காரியம் நின்றிருந்தது.

அன்று காலை எட்டு மணி இருக்கும். கணேசமூர்த்தி செய்தித்தாளில் சுற்றிய ஒரு கண்ணாடியோடு வந்தான். பின்னால் தம்பிராஜா மரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான்.

பெட்டிக்குள் இருந்தது மேஜிக் லாந்தர். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் துரை மூட்டை கட்டும்போது விற்றுவிட்டுப் போனது. கண்ணாடியில் வரைந்த படத்தை உள்ளே செருகினால் திரையில் ஆள் உயரத்துக்கு விழும். திரைக்குப் பின்னால் நின்று எங்கள் பிள்ளைகள் குரல் கொடுப்பார்கள். ஒரு முகம் போய் இன்னொரு முகம் வரும். பேச்சிலேயே கதை நடக்கும். நான்கு வருடமாக ஊர் விழாக்களில் நடத்தி வருகிறார்கள். மெர்டேக்கா என்னும் சுதந்திரக் கொண்டாட்டத்துக்கும் எங்கள் படக்கதைதான் என்று வாசகசாலையில் முடிவாகியிருந்தது. தோட்டத்துப் பெண் ஒருத்தி பட்டணம் வந்து பள்ளிக்கூட ஆசிரியை ஆகும் கதை. அதில் வரும் நாயகியின் முகம் சீதாவின் முகம். அவள் நல்ல உடம்போடு இருந்தபோது கணவன் எதிரில் உட்கார்ந்து எழுதக் கொடுத்தது. இப்போது அந்த முகத்துக்குக் குரல் விஜயாவுடையது.

கணேசமூர்த்தி கண்ணாடியை என் மேசைமேல் வைத்தான்.

"மாமா, முகத்தை அசைய வைக்கப் போறேன்."

"எதற்கு?"

"ஊர்ல சினிமாக் கொட்டகை வந்துருச்சு. அங்க மூஞ்சி பேசுது, பாடுது, குதிரைல ஓடுது. அதைப் பாத்துட்டு வர்றவன் நம்ம திரையில ஒரு மூஞ்சி ஆணியடிச்ச மாதிரி நிக்கிறதை எவ்வளவு நேரம் பாப்பான்?"

"ஆணியடிச்ச மூஞ்சின்னு யாரைச் சொல்றீங்க அத்தான்?" என்றாள் விஜயா. காப்பி கொண்டு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவன் தலை குனிந்துகொண்டான்.

"வாயை அசைச்சுப் பாத்தாச்சு லா, பெரியவரே," என்று தம்பிராஜா பெட்டியை இறக்கினான். "நேத்து என் வீட்டுச் சுவத்துல போட்டோம். இது வாயைத் திறக்கும்போது பேச்சு முடிஞ்சிருது. பேசும்போது வாய் மூடியிருக்கு. பாசார்ல ஐஸ்ல வச்ச மீன் மாதிரி இருக்குன்னு என் பெண்டாட்டி சிரிக்கிறா. சூசா வேலை லா, ரொம்பக் கஷ்டம்."

"உங்க வீட்டுல எங்க அக்காவைப் பாத்துச் சிரிச்சீங்களா?"

"ஐயோ தங்கச்சி, அதை அப்படிப் பாக்காதே..."

"வேற எப்படிப் பாக்குறது? என் பேச்சுக்கு எங்க அக்கா வாய் அசையணுமா?" விஜயா கணேசமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். "அத்தான், தைப்பூசத்துல அந்த அழுகை இடம் வந்தப்ப என்ன ஆச்சு? முன் வரிசையில ஒருத்தர், படத்துக் கண்ணுல தண்ணி ஓடுனதை நான் பாத்தேன்னு சத்தியம் பண்ணாரு. நீங்க தண்ணியே வரையலை. நான் குரல் குடுத்தேன், மிச்சத்தை அவங்களே போட்டுக்கிட்டாங்க. நீங்க அசைச்சீங்கன்னா நீங்க அசைச்சது மட்டுந்தான் அவங்க கண்ணுக்குத் தெரியும்."

"அப்ப என் வேலை என்ன? ஒரே மூஞ்சியை நாலு வருஷம் காட்டுறதா?"

"அதே மூஞ்சிதானே அம்மாவுக்கு வேணும்."

உள்ளே சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு சிவகாமசுந்தரியின் குரல் வந்தது. "பெரியவருக்குக் காப்பி ஆறுதுன்னு சொல்லு." தம்பி மனைவி என்னிடம் நேராகப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் அதைக் காத்து வந்தாள்.

விஜயா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். தம்பிராஜாவும் வெற்றிலை போட வெளியே போனான். கணேசமூர்த்தி அப்போதுதான் மெல்லச் சொன்னான்.

"கொட்டகைக்காக மட்டும் இல்லை மாமா. வேலை செய்யற இடத்துல அந்தக் கண்ணாடி இருக்கு. ரெண்டு வருஷமா அவ கண்ணு மூடாம என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. ஒரு தடவை இமைச்சான்னா போதும்."

நான் யோசித்துத் தீர்ப்புச் சொன்னேன். ஒரு குடும்பத்துப் பெண்ணின் வாய் ஊரார் முன்னால் திறந்து மூடுவது கௌரவம் அல்ல. வாய் அசையக் கூடாது. இமைப்பது மனிதராகப் பிறந்த எல்லாருக்கும் பொது. அது குற்றம் இல்லை. கதையில் ஓர் இடத்தில், பட்டணத்துப் பள்ளிக்கூடத்தை அவள் முதன்முதலாகப் பார்க்கும் இடத்தில், இமை ஒரு முறை மூடித் திறக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கணேசமூர்த்தி தலையசைத்தான். அவன் வேறு கண்ணாடியில் இமைகளை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான் என்பது அப்போது தெரிந்தது. இரண்டு கண்ணாடிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தில் ஒரு தகர நாக்கு பொருத்தியிருந்தான். நாக்கை இழுத்தால் தோல் நிறத்தில் எழுதிய இமை இறங்கிக் கண்ணை மறைக்கும். தள்ளினால் விலகும்.

விஜயாவிடம் தீர்ப்பைச் சொன்னேன். "சரி பெரியப்பா," என்றாள். அந்தச் "சரி"யில் சம்மதம் இல்லை. ஆனால் எதிர்த்துப் பேசும் பெண் அல்ல அவள்.

பிற்பகல் ஒத்திகை. வெளிச்சம் வராமல் சன்னல்களைச் சாத்தினோம். கூடம் அடுப்படிபோல் புழுங்கியது. வெளியே தெருமுனையில் மெர்டேக்கா வளைவுக்கு மரம் அடிக்கும் சத்தம் விடாமல் கேட்டது.

திரைக்குக் கட்டிய வெள்ளைத் துணி மீனாச்சி கொடுத்தது. அவளுடைய கல்யாணப் படுக்கை விரிப்பு. அழுக்காகாமல் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதற்காகவே ஒவ்வொரு ஒத்திகைக்கும் வந்து உட்காருவாள். சிவகாமசுந்தரிக்கும் அவளுக்கும் நல்ல பழக்கம். இருவரும் கடைத்தெருவில் வழங்கும் பாசார் மலாயில் பேசிக்கொள்வார்கள். மீனாச்சியின் வீட்டில் கோயில் உண்டு, பொங்கல் உண்டு, வாசலில் மாவிலை உண்டு. பேச்சு மட்டும் மலாய்தான். சாமி பெயர்களும் ஓரிரண்டு உறவு முறைகளும் தவிர அவளுக்குத் தமிழ் தெரியாது.

இருவரும் முன் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். விஜயா திரைக்குப் பின்னால் போனாள். தம்பிராஜா விளக்கைப் போட்டான். கணேசமூர்த்தி கண்ணாடிகளை எடுத்துக் கொடுத்தான். நான் பின்னால் நின்றேன்.

தோட்டத்துக் கங்காணியின் முகம் வந்தது. தம்பிராஜாவே விளக்கடியில் நின்றபடி அவனுக்காக அதட்டினான். நாயகியின் அம்மாவின் முகம் வந்தது. பிறகு சீதா வந்தாள்.

"இன்னைக்குக் கொஞ்சம் தெளிவா இருக்கா," என்றாள் சிவகாமசுந்தரி. "போன தடவை முகம் வாடியிருந்துச்சு."

தம்பிராஜா என்னைத் திரும்பிப் பார்த்தான். இழு என்று கை காட்டினேன்.

திரைக்குப் பின்னால் விஜயா சொல்லிக்கொண்டிருந்தாள்: "இதுதான் பள்ளிக்கூடமா? இவ்வளவு பெரிசா? நான் உள்ள போகலாமா?"

தகர நாக்கு நகர்ந்தது. திரையில் சீதாவின் இமைகள் மெல்ல இறங்கின. நன்றாக எழுதியிருந்தான். இமையோரத்து மயிர்கூடத் தெரிந்தது. அந்த முகத்தைப் பிறந்த நாள் முதல் அறிந்தவன் நான். அது அவள்தான்.

தம்பிராஜா நாக்கைத் திரும்பத் தள்ளினான். இமை எழவில்லை.

மறுபடி தள்ளினான். விளக்கின் சூட்டில் புதிய வண்ணம் இளகி இரண்டு கண்ணாடிகளும் ஒட்டிக்கொண்டுவிட்டன. முழுக் கூடத்துக்கும் முன்னால், ஆள் உயரத்தில், சீதா கண்களை மூடியபடி நின்றாள். வெளியே சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது.

திரை மெல்லிய துணி. பின்னால் நின்ற விஜயாவுக்கும் அந்த முகம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த முகம் அவளுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அவள் கதையை விட்டுவிட்டாள். குரல் உடைந்து வந்தது.

"தம்பிராஜாண்ணே, வேற கண்ணாடி... மாத்தி வைங்க. மாத்தி... மாத்தி..."

தமிழில் அது மாற்றி வை என்பது. மலாயில் மாத்தி என்றால் செத்துப்போவது. இந்த ஊர்த் தமிழரில் பலருக்கு இரண்டும் தெரியும். நடக்கிற பேச்சை வைத்து ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். மீனாச்சிக்கு ஒன்றுதான் தெரியும். கண் மூடிய முகம் எதிரில் நிற்கிறது. துணிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் மாத்தி, மாத்தி என்று அழுகிறாள். மீனாச்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அலாமா! சியாப்பா மாத்தி?"

யார் செத்தது என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவளைத்தான் கேட்டாள்.

சிவகாமசுந்தரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்படியே பதில் சொன்னாள்.

"அனாக் சாயா."

என் பிள்ளை, என்றாள். இரண்டு வருடமாகத் தமிழில் அவள் வாயில் வராத பேச்சு, மலாயில் வந்தது.

எழுந்தாள். திரையை நோக்கி நடந்தாள். அவளுடைய நிழல் மகளின் கழுத்தில் ஏறி, கன்னத்தில் ஏறி, முகத்தை மறைத்தது. துணியில் கை வைத்துத் தடவினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். முகம் துணியை விட்டு அவளுடைய வெள்ளைச் சேலையில் விழுந்தது. அவள் மார்பில் சீதாவின் மூடிய இமைகள் இருந்தன.

"மஞ்சள் பூசினீங்களா?" என்று கேட்டாள்.

சுமங்கலியாகப் போனவளுக்குச் செய்ய வேண்டியதைத் தாய் கேட்கிறாள். வந்த அன்று கேட்டிருக்க வேண்டியது.

விஜயா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "பூசுனேன்மா. நான்தான் பூசுனேன்."

"குங்குமம்?"

"வச்சேன்."

"பூ?"

"தலை நிறைய வச்சோம்மா. மீனாச்சியம்மா வீட்டு மல்லிகை."

"என்ன சேலை கட்டினீங்க?"

"அரக்கு. அத்தான் எடுத்துக் குடுத்த அரக்குச் சேலை."

"அது அவளுக்குப் பிடிக்கும்," என்றாள் சிவகாமசுந்தரி.

கணேசமூர்த்தி அதற்குள் கண்ணாடியை லாந்தரிலிருந்து பாதி வெளியே இழுத்து, வண்ணம் சுரண்டும் கத்தியை இடுக்கில் விட்டு நெம்பிக்கொண்டிருந்தான். சூடு தாங்காமல் விரலை உதறினான், மறுபடி நெம்பினான். திரையில் முகம் நடுங்கியது.

"திறக்காதீங்க மாப்பிள்ளை," என்றாள் அவள். "மூடுனது மூடுனதாவே இருக்கட்டும்."

அவன் கத்தியைக் கீழே போட்டான். தம்பிராஜா விளக்கை அணைத்தான். இருட்டில்தான் அவள் அழுதாள். அந்த அழுகையை நான் எழுதப்போவதில்லை. அது எங்கள் வீட்டுக்கு உரியது.

சன்னலைத் திறந்தபோது வளைவு அடித்துக்கொண்டிருந்தவர்களில் இருவர் சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். குரலைக் கேட்டவர்கள், ஒன்றையும் பார்க்காதவர்கள்.

"என்ன வேண்டும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை ஐயா. ஏதோ சத்தம்..."

"ஒத்திகை. போய் வேலையைப் பாருங்கள்."

போனார்கள். ஆனால் வேலையைப் பார்க்கப் போகவில்லை என்று இப்போது தெரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் சிவகாமசுந்தரி நேரே குழாயடிக்குப் போனாள். சாவு கேட்டு வந்தவர்கள் செய்வதுபோல், கட்டிய சேலையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். மீனாச்சி வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிவகாமசுந்தரி ஈரக் கையோடு வேலியருகே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

நான் முன் அறையில் உட்கார்ந்திருந்தேன். விஜயா எதிர்ச் சுவரோரம் நின்றாள். கணேசமூர்த்தி ஒட்டிய கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

இனித் தடை இல்லை என்று நான் எண்ணினேன். சீதாவின் இடம் காலி என்று அவளைப் பெற்றவளே ஒப்புக்கொண்டாள். ஆவணியில் நாள் பார்த்துவிடலாம். இதைச் சொல்ல வாய் திறந்தேன்.

சிவகாமசுந்தரி தலையில் துண்டோடு உள்கதவில் வந்து நின்றாள். விஜயாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இவளைக் கேட்டீங்களா?"

விஜயாவை நடுவில் வைக்காமல் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. இத்தனை வருடத்தில் முதல் பேச்சு. எங்கள் வீட்டில் பெண்ணைக் கேட்டு முடிவு செய்யும் வழக்கம் இல்லை. என் தங்கைகளை என் தகப்பனார் கேட்கவில்லை. சீதாவை நான் கேட்கவில்லை. அவர்கள் ஒருவரும் வாழ்க்கையில் குறைப்பட்டுப் போகவில்லை.

ஆனால் கேட்டவள் அன்றுதான் மகளைப் பறிகொடுத்தவள். அவளுக்கு மறுப்புச் சொல்ல என்னால் ஆகவில்லை.

"விஜயா," என்றேன். "உனக்குச் சம்மதமா?"

அவள் என்னையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள்.

"மெர்டேக்காவுக்கு நாயகி இல்லையே அத்தான். என்ன செய்யப் போறீங்க?"

"புதுசா எழுதணும்," என்றான் கணேசமூர்த்தி. குரல் கேட்கவில்லை; உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

"எழுதுங்க. அசையாத முகமாவே எழுதுங்க. அக்கா முகம் வருதா, என் முகம் வருதா, இல்லை யாருமே இல்லாத வேற ஒருத்தி முகம் வருதான்னு பாக்குறேன். பாத்துட்டுப் பெரியப்பாவுக்குப் பதில் சொல்றேன்."

கணேசமூர்த்தி செய்தித்தாள் பொட்டலத்தை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனான். அன்று முதல் அவன் கடைக் கதவு சாத்தியே இருக்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது என்கிறான் தம்பிராஜா. கண்ணாடியில் என்ன முகம் வந்துகொண்டிருக்கிறது என்பது தம்பிராஜாவுக்கும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. ஜாலான் பெண்டஹாராத் தெருவில் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் ஒரு கதை நடக்கிறது. வாசகசாலையில் செத்துப்போன சீதா திரையில் வந்து கண்ணை மூடிக்கொண்டாளாம். துணிக்குப் பின்னாலிருந்து அவளுடைய சொந்தக் குரலே மாத்தி, மாத்தி என்று மலாயில் சொல்லிற்றாம். பக்கத்து ஊரான செங் வரைக்கும் இது போயிருக்கிறது.

சீதாவுக்கு மலாய் வராது. பேசியவள் விஜயா. பேசியது தமிழ். கண்ணாடியை மாற்றி வைக்கச் சொன்னாள்.